வியாழக்கிழமைக் கையெழுத்து

அத்தியாயம் 9

விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. மேல் மூலையில் சிவப்புப் பேனாவில் இரண்டே சொற்கள்: ஆதாரம் போதாது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குள் நக்லா கைப்பையை மூன்று முறை திறந்து அதைப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் அது அங்கேதான் இருந்தது.

பதினோரு மாதங்களாக நைல் கரைக் குடிநீர் நிலையத்தின் ஆய்வகத்தை அவள்தான் நடத்தி வந்தாள். ஆய்வகத் தலைவர் ஃபௌஸிக்குப் பக்கவாதம் வந்த மறுநாள் மேலாளர் அவளைக் கூப்பிட்டு, அவர் திரும்பி வரும்வரை தலைவர் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். குறிப்பில் தேதி இருந்தது, எண் இருந்தது. அரசாங்கத்தின் கழுகு முத்திரை மட்டும் இல்லை. அந்த மேலாளர் இப்போது அஸ்வானுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவள் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

தலைவர் பொறுப்புக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு பவுண்டு படி. ஒரு மாதம்கூட அது அவள் சம்பளத்தில் வரவில்லை. அதைக் கேட்டுத்தான் அந்த விண்ணப்பம். மகள் தாலியாவின் பல்லுக்குக் கம்பி போடும் நாளை மருத்துவரிடம் மூன்று முறை தள்ளி வைத்தாயிற்று.

பணம் வராததுகூடப் பெரிய சிக்கல் இல்லை. ஃபௌஸி அவள் மாமியாரின் தம்பி. சிக்கல் அங்கேதான் இருந்தது.

"இன்னிக்கும் அந்த ஆபீசுக்குப் போறியா?" என்றான் அவள் கணவன் ரிஃபாத். ரொட்டியைக் கிழித்து அவித்த மொச்சையில் தோய்த்துக்கொண்டிருந்தான். விரல் நகங்களில் வார்னிஷ் கறை.

"ஞாயித்துக்கிழமை மதியத்தோட இந்த வருஷக் கணக்கை மூடறாங்க. நாளைக்கும் மறுநாளும் லீவு. இன்னிக்கு விட்டா போச்சு."

"போனா போகட்டும் நக்லா. படுத்துக் கிடக்கற மனுஷனை எதுக்கு இழுக்கற?"

"நான் அவரை இழுக்கலை. நான் செஞ்ச வேலைக்குக் கேக்கறேன்."

"அவருக்கு செப்டம்பர்ல ரிட்டையர்மென்ட். நிம்மதியா போகட்டுமே. காசு நான் சம்பாதிக்கறேன். இப்பதான் வேலை சூடு பிடிக்குது."

அது உண்மைதான். தும்யாத் நகரத்தில் தெருவுக்குப் பத்து பேர் மரச்சாமான் செய்கிறார்கள். அவற்றுக்கு மெருகு ஏற்றுவது ரிஃபாத்தின் தொழில். வசந்த காலத்தில் வார்னிஷ் தெளிக்கப் புதிதாக ஒரு கம்ப்ரஸர் வாங்கியிருந்தான். தூரிகையில் மூன்று நாள் எடுக்கும் வேலையை அது ஒரு நாளில் முடித்தது. நண்பன் ஒருவன் தவணைக்குக் கொடுத்ததாகச் சொன்னான்.

அடுப்படியிலிருந்து மாமியார் இஹ்சானின் குரல் வந்தது. "எவ்வளவு வந்தாலும் சிலருக்குப் பத்தாது."

"அத்தை, எனக்கு எதுவுமே வரலை. அதான் பிரச்சினையே."

"ஆமாமா. எதுவுமே வரலை," என்றாள் இஹ்சான். பாத்திரம் ஒன்று சத்தமாக வைக்கப்பட்டது.

குளிர்காலத்திலிருந்தே மாமியார் இப்படித்தான். முன்பு நக்லாவுக்கென்று ரொட்டியை மூடி வைப்பவள், இப்போது மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று நக்லாவால் அரை மணியில் சொல்லிவிட முடியும். இந்த வீட்டில் என்ன கலந்திருக்கிறது என்று ஆறு மாதமாகியும் தெரியவில்லை.

ரிஃபாத் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

*

நிலையத்தின் அலுவலர் பிரிவில் எழுத்தர் மதீஹா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்ணாடி போட்ட மேசைமேல் ஒரு பக்கம் கோப்புகள், ஒரு பக்கம் முலோகியாக் கட்டு. மின்விசிறி இலைகளைத் தூக்காமலிருக்க மேலே காகிதம் துளையிடும் கருவியை வைத்திருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா. உக்காருங்க. இந்தப் பாதிக் கட்டை நீங்க ஆயுங்க. பேசிக்கிட்டே முடிச்சிடலாம்."

ஆய்வகக்காரர்களை நிலையத்தில் எல்லோரும் டாக்டர் என்றுதான் அழைப்பார்கள். நக்லா உட்கார்ந்தாள். கை தானாகக் கீரையை எடுத்தது. சும்மா இருப்பதைவிட அது நன்றாக இருந்தது.

மதீஹா ஒரு கோப்பை இழுத்துத் திறந்தாள். ஆய்வகத்தின் தினசரி அறிக்கைகள். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு கட்டங்கள். இடது கட்டத்தில் பரிசோதித்தவர், நக்லா. வலது கட்டத்தில் ஆய்வகத் தலைவர், ஃபௌஸி. அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். எந்தக் கட்டமும் காலியாக இல்லை.

"இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? பதினோரு மாசமும் ஒரு நாள் விடாம அவர் வந்திருக்கார். வெள்ளிக்கிழமைகூட வந்திருக்கார். நான்கூட வெள்ளிக்கிழமை வர்றதில்லை."

"அவர் வரலைன்னு எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும் தெரியும். தாளுக்குத் தெரியாதே. இந்தக் கையெழுத்து எப்படி வந்துச்சு?"

நக்லா ஒரு தண்டைக் கிள்ளினாள். "வியாழக்கிழமை சாயந்தரம் நான் கொண்டு போவேன். வாரத்துத் தாள் ஏழையும். அவர் வீட்டுல போட்டுத் தருவார்."

"எதுல கொண்டு போவீங்க?"

"காய்கறிப் பையில."

மதீஹா கீரையைக் கீழே வைத்துவிட்டாள். "ஏன் டாக்டரம்மா? நீங்களே போட்டிருக்கலாமே. உங்ககிட்ட குறிப்பு இருந்துச்சே, முத்திரை இல்லாட்டியும்."

அதற்கான பதில் நக்லாவிடம் இருந்தது. அதைச் சத்தமாகச் சொன்னதில்லை. "அவர் படுக்கையில இருக்கறப்ப அவர் கட்டத்துல நான் கையெழுத்துப் போட்டா, நாற்காலியைப் பிடுங்கிட்ட மாதிரி ஆகும். அவர்தான் இன்னும் தலைவர்னு அவருக்குத் தோணணும்னு நினைச்சேன். நான் அந்த நாற்காலியில உக்காரக்கூட இல்லை."

"பதினோரு மாசம் எங்க உக்காந்தீங்க?"

"ஸ்டூல்ல."

மதீஹா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கேளுங்க. ரெண்டு தாள் வேணும். ஒண்ணு, தலைவர் இடத்துல உங்க கையெழுத்து இருக்கற ஏதாவது ஒண்ணு. எதுவா இருந்தாலும் பரவாயில்லை. ரெண்டாவது, அவர் கைப்பட ரெண்டு வரி. நான் வரலை, பொறுப்பைப் பார்த்தது இவங்கன்னு. அது ரெண்டும் இருந்தா பழைய தேதியில உத்தரவு வாங்கி முத்திரை குத்தறது என் வேலை."

"அவருக்கு என்ன ஆகும்?"

"அந்தப் படியை மாசாமாசம் அவர் வாங்கியிருக்கார் இல்லையா? வராத மனுஷனுக்குப் படி கிடையாது. திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க. பதினாறாயிரத்து ஐந்நூறு. கட்டலைன்னா ஓய்வுக்காலப் பணத்துல பிடிப்பாங்க. அப்புறம் இன்னொண்ணு. பதிவேட்டுத் தாளை நிலையத்துக்கு வெளிய கொண்டு போனது யாருன்னும் ஒரு கேள்வி வரும்."

"நான்தான்."

"அதை நான் கேக்கலை. நீங்களும் சொல்லலை." மதீஹா மறுபடி கீரையை எடுத்தாள். "புது ஃபார்ம் தர்றேன். இப்பவே நிரப்பிடுங்க. தேதி மட்டும் விட்டுடுங்க."

நக்லா நிரப்பினாள். பெயர், பதவி, பொறுப்பு ஏற்ற நாள். ஒவ்வொரு வரியிலும் பேனா தயங்கியது. ஆறாவது கேள்வியில் மட்டும் தயங்கவில்லை.

இப்பொறுப்புக்காக வேறு எவ்வழியிலேனும் தொகை பெற்றதுண்டா?

இல்லை, என்று எழுதினாள்.

*

தலைவர் இடத்தில் தன் கையெழுத்து. அப்படி ஒரு தாள் இருக்க முடியாது என்று நினைத்தபடி அவள் ஆய்வகத்துக்கு நடந்தாள். பதினொரு மணிக்கான குளோரின் அளவு எடுக்க வேண்டும். குழாயைத் திறந்து நீரைப் பிடித்தாள். மாத்திரையைப் போட்டதும் நீர் ரோஜா நிறமானது. அளவு சரியாக இருந்தது.

குழாயை மூடும்போதுதான் நினைவு வந்தது. ஜனவரி. வால்வு.

பம்பு அறைக்கு ஏறக்குறைய ஓடினாள்.

பம்புகளின் இரைச்சலுக்கு நடுவே அஷ்மாவி தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக அந்த அறையில் இருப்பவர். வெளியே வந்தாலும் கத்தித்தான் பேசுவார்.

"டாக்டரம்மா! தண்ணி கெட்டுப்போச்சா?"

"இல்லை அஷ்மாவி அண்ணே. ஜனவரி மாசத்து ஷிப்ட் புத்தகம் இருக்கா?"

"எல்லாம் இருக்கு. என் கல்யாணச் சான்றிதழைத் தவிர எல்லாம் இங்க பத்திரமா இருக்கு." பெட்டியிலிருந்து தடித்த புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். "அந்த அம்மோனியா வந்த நாளைத்தானே தேடறீங்க? எப்படி மறக்க முடியும்? நீங்க கத்தின கத்துல எனக்குச் சட்டையே நனைஞ்சுபோச்சு."

"நான் கத்தவே இல்லையே."

"அதான் பயமே! இந்த இரைச்சல்ல நீங்க மெல்லப் பேசினீங்க. மெல்லப் பேசற பொம்பளை வந்து நதியை மூடுன்னு சொன்னா மனுஷன் என்ன செய்வான்?"

ஜனவரியில் கால்வாய் தூர் வாருவதற்காக நதியில் நீரைக் குறைத்து விடுவார்கள். குறைந்த நீரில் அழுக்கு கூடும். அன்று விடியற்காலை எடுத்த மாதிரியில் அம்மோனியா வழக்கத்தைவிட நான்கு மடங்கு இருந்தது. நக்லா இரண்டாம் முறை சோதித்தாள். பிறகு மூன்றாம் முறை. நதியிலிருந்து நீர் எடுப்பதை உடனே நிறுத்த வேண்டும். ஃபௌஸி அன்று ஒரு சிகிச்சைக்காகக் கெய்ரோ மருத்துவமனையில் மயக்க மருந்தில் இருந்தார். வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

கையெழுத்து இல்லாமல் வால்வைத் தொட மாட்டேன் என்று அஷ்மாவி நின்றார். அவள் போட்டாள். ஆறு மணி நேரம் நிலையம் நின்றது. அந்த ஆறு மணி நேரமும் ஊர் மேல்தொட்டி நீரைக் குடித்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதனால் யாருக்கும் அது நினைவிலும் இல்லை.

அஷ்மாவி பக்கத்தைத் திறந்தார். உத்தரவிட்டவர், ஆய்வகத் தலைவர் என்ற வரிக்கு எதிரே அவள் பெயர். எழுத்து அவளுடையதா என்றே சந்தேகமாக இருந்தது. அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாள்.

"இதுல ஒரு நகல் எடுத்துக்கட்டுமா?"

"ஒண்ணு எதுக்கு, பத்து எடுத்துக்குங்க. சட்டம் போட்டு மாட்டுங்க," என்றார் அஷ்மாவி. பிறகு முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். அது சாதாரண மனிதர்கள் பேசும் அளவுக்கு இருந்தது. "ஃபௌஸி ஐயாவுக்குத் தொந்தரவு வராதே?"

நக்லா புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். நகல் எடுக்கப் போனாள்.

*

ஃபௌஸியின் வீடு ஆற்றங்கரைத் தெருவில் இரண்டாம் மாடி. மாலை ஐந்தரை. கையில் வழக்கமான காய்கறிப் பை. அதில் வாரத்துத் தாள்கள் ஏழு, உப்பில்லாத பாலாடைக்கட்டி ஒரு டப்பா.

படியில் இரண்டு முறை நின்றாள். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் வரிசைப்படுத்தினாள். வரிசை ஒவ்வொரு படியிலும் கலைந்தது.

கதவைத் திறந்தது சுஆத் மாமி. "வா வா. தயாரா உக்காந்திருக்கார்."

அவர் எப்போதும் போல் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மழித்த முகம். வெள்ளைச் சட்டை. மேலே சாம்பல் நிறக் கோட்டு. ஜூன் மாதப் புழுக்கத்தில் நெற்றியில் வியர்வை கோத்திருந்தது. மடியில் ஒரு ரப்பர் பந்து.

"என்ன டாக்டரம்மா, தண்ணி எப்படி இருக்கு?"

"கலங்கல் கொஞ்சம் கூடியிருக்கு மாமா. படிகாரத்தை ஏத்தினேன்."

"எவ்வளவு?"

சொன்னாள். அவர் தலையசைத்தார். இந்தக் கேள்வியும் பதிலும் தலையசைப்பும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நடப்பவை. அடுத்து அவள் தாள்களை எடுத்து மரப்பலகைமேல் வைக்க வேண்டும். அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கையெழுத்திடுவார். ஒரு தாளுக்கு ஐந்து நிமிடம்.

அவள் பையைத் திறக்கவில்லை.

"மாமா, ஒண்ணு கேக்கணும். இந்தத் தாளெல்லாம் நான் கொண்டு வர்றது... உங்களுக்குப் பரவாயில்லையா?"

ஃபௌஸி மனைவியைப் பார்த்தார். சுஆத் மாமி கூரையைப் பார்த்தாள்.

"கேட்டுட்டா. சொல்லிடுங்க இன்னிக்காவது," என்றாள்.

"என்னத்தைச் சொல்ல? வியாழக்கிழமைன்னா இவ காலையிலயே ஆரம்பிச்சிடுவா. சவரம், சட்டை, கோட்டு. கை நடுங்கக் கூடாதுன்னு நான் மதியத்துலேருந்து இந்தப் பந்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருப்பேன். நீ போனப்புறம் ரெண்டு நாள் தோள் வலிக்கும்."

"ஏன் மாமா என்கிட்ட சொல்லலை?"

"கூட்டத்துல மைக்ரோபஸ்ல நசுங்கிக்கிட்டுக் கொண்டு வர்றே. வேணாம்னு எப்படிச் சொல்றது? உன் மனசு கஷ்டப்படுமே."

"நான் உங்களுக்காகக் கொண்டு வந்தேன்."

"நான் உனக்காகப் போட்டேன்."

"ரொம்ப நல்லாருக்கு ரெண்டு பேர் கதையும்," என்றாள் சுஆத் மாமி. "வாராவாரம் அந்தக் கோட்டுக்கு இஸ்திரி போட்டது நான்." அவர் பின்னால் போய் நின்று கோட்டைக் கழற்ற ஆரம்பித்தாள். முதலில் நல்ல கை, பிறகு மற்றது. அவர் மறுக்கவில்லை. உள்ளே சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நாற்காலியிலயும் நீ உக்காரலை, இல்லையா?" என்றார் ஃபௌஸி.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. அந்த நாற்காலி இடது பக்கம் சாயும். உக்காந்த முதல் நாளே எவனா இருந்தாலும் புகார் பண்ணுவான். பதினோரு மாசம் நீ ஒரு வார்த்தை சொல்லலை."

நக்லாவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணிலும் நீர் வந்துவிட்டது. அந்த வேகத்திலேயே விண்ணப்பத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மதீஹா சொன்னதையெல்லாம் சொன்னாள். திருப்பிக் கட்டும் தொகையையும் மறைக்கவில்லை.

அவர் நெடுநேரம் படித்தார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு குழப்பம் இருந்தது.

"கேக்கறது தப்பில்லை நக்லா. வேலை செஞ்சது நீ. ஆனா எனக்கு ஒண்ணுதான் புரியலை. நான் அனுப்பறதுல ஏதாவது குறையுதா?"

"எதை அனுப்பறீங்க?"

"படியைத்தான். ஆயிரத்து ஐந்நூறு. சம்பளம் வந்த அன்னிக்கே தனியா எடுத்து உறையில போட்டு ஒட்டி, உன் மாமியார் என்னைப் பார்க்க வர்றப்போ கையில குடுத்துடுவேன். அந்த நாற்காலிக்கான காசை நான் ஒரு மாசம்கூட வச்சுக்கலை. நக்லாகிட்ட சேர்த்துடுன்னு அக்காகிட்ட சொல்லித்தான் குடுத்தேன்."

சுஆத் மாமியின் கையில் கோட்டு மடிக்கப்படாமல் நின்றது.

"எனக்கு எதுவும் வரலை மாமா," என்றாள் நக்லா. அவளுடைய மெல்லிய குரல்தான். பம்பு அறையில் அஷ்மாவியைப் பயமுறுத்திய குரல்.

கீழே ஆற்றில் ஒரு படகின் மோட்டார் கடந்து போனது.

ஃபௌஸி கையை நீட்டினார். "தாளைக் கொண்டா. வெள்ளைத் தாள்."

"வேணாம் மாமா. திருப்பிக் கட்டச் சொன்னா நீங்க குடுத்த காசையே ரெண்டாம் தடவை குடுக்கற மாதிரி ஆகும்."

"அது என் கவலை. எழுதணும்னு சொன்னே, எழுதறேன். நீ அதைக் குடுக்கறியா கிழிக்கறியாங்கறது உன் இஷ்டம்."

எழுதினார். இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. இரண்டு வரிக்குக் கால் மணி ஆனது. கடைசியில் பேனாவை அவளிடம் தள்ளினார்.

"வாரத்துத் தாள் ஏழு இருக்கே. நீ போடு. நான் பார்க்கறேன்."

நக்லா மரப்பலகையைத் தன் மடிக்கு இழுத்தாள். வலது கட்டத்தில் முதல் கையெழுத்து கோடு தாண்டியது. இரண்டாவது சரியாக வந்தது. ஏழும் முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பந்து இனிமே வேணாம்," என்றார் ஃபௌஸி, சுஆத் மாமியிடம்.

*

வீட்டில் இஹ்சான் திராட்சை இலைகளில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வெந்நீரில் ஊறிய இலைகள் தட்டில் அடுக்காக இருந்தன. கீழே பட்டறையில் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது. தாலியா டியூஷனிலிருந்து இன்னும் வரவில்லை.

நக்லா காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"கையெழுத்துப் போட்டானா?" என்றாள் இஹ்சான் நிமிராமல்.

"இல்லை. நான் போட்டேன்."

இஹ்சான் நிமிர்ந்தாள்.

"அத்தை, மாமா மாசாமாசம் உங்ககிட்ட ஒரு உறை குடுத்தாராமே."

"குடுத்தான். அதுக்கென்ன? இன்னும் வேணும்னு அவன்கிட்டயே போய்க் கேட்டியா? வெக்கமா இல்லை உனக்கு?"

"அது எங்க?"

"எங்கயா?" இஹ்சான் இலையைத் தட்டில் போட்டாள். "பதினோரு உறை. ஒட்டினது ஒட்டினபடி, ஒண்ணையும் நான் பிரிக்கலை. நான் குடுத்தா மாமியார் படி அளக்கற மாதிரி இருக்கும், உன் புருஷன் கையால வாங்கினா உனக்கு மரியாதைன்னு அவன்கிட்ட குடுத்தேன். நோயில கிடக்கறவன் தன் காசை உனக்கு அனுப்பறான். 'வந்துச்சு அத்தை'ன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருப்பியா? குளிர்காலம் பூரா காத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் விட்டுட்டேன். இப்ப அது பத்தாம ஆபீஸ்ல வேற போய் நிக்கறே."

நக்லா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஆறு மாதத்து முகச்சுளிப்பு, மூடி வைக்கப்படாத ரொட்டி, காலையில் சத்தமாக வைக்கப்பட்ட பாத்திரம். எல்லாம் ஒரே நேரத்தில் தெளிந்தன.

"அத்தை," என்றாள். "நான் ஒரு உறையைக்கூடப் பார்த்ததில்லை."

இஹ்சான் மருமகளின் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தரையைப் பார்த்தாள். தரைக்குக் கீழே கம்ப்ரஸரின் உறுமல் நின்றது.

படியில் காலடிச் சத்தம். ரிஃபாத் கையைத் துணியில் துடைத்தபடி உள்ளே வந்தான். கூடவே வார்னிஷ் வாசனை வந்தது.

"என்ன, ரெண்டு பேரும் இப்படி நிக்கறீங்க? சாப்பாடு ஆகலையா?"

"ரிஃபாத்," என்றாள் இஹ்சான். "உறையெல்லாம் இவகிட்ட குடுத்தேதானே?"

அவன் கை துடைப்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். சுண்டு விரல் முடிந்ததும் மறுபடி கட்டை விரலுக்கு வந்தான்.

"நக்லா, கொஞ்சம் உக்காரேன். சொல்றேன். நான் உனக்குத் திருப்பித்..."

அவள் உட்காரவில்லை. கைப்பையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தாள். இலைத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு அதை மேசையில் விரித்தாள். அதன்மேல் ஃபௌஸியின் இரண்டு வரிகள். கோணல் எழுத்து. அதன் பக்கத்தில் ஒரு பேனா.

ஆறாவது கேள்வியில் விரலை வைத்தாள்: தொகை பெற்றதுண்டா? காலையில் யோசிக்காமல் எழுதிய ஒரே பதில்.

"ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் நேரம் இருக்கு," என்றாள், மிக மெல்ல. "நீயே சொல்லு ரிஃபாத். இந்த இடத்துல நான் என்ன எழுதணும்?"